முன்பு சொன்ன பதில்

தேநீருக்கு நன்றி மடம். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான் ஊற்றுவார்கள். நீங்கள் ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள், நான் வேகமாகக் கதைத்தால் நிற்பாட்டுங்கள். இந்த விசாரணைக்கென்றே உங்களைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், அலைச்சல்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதைச் சொல்ல இடம் வராமல் போகலாம்.

என் பெயர் சுகிர்தன். ஊர் பூவரசங்குளம். இந்த வருஷம் மே மாதம் சண்டை முடிந்த கையோடு உங்கள் நிறுவனம் வவுனியா நகரத்தில் திறந்த, பிரிந்துபோன சொந்தங்களைத் தேடும் அலுவலகத்தில் கொம்பியூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். வன்னிச் சனம் முழுக்க அப்போது செட்டிகுளம் பக்கத்து முகாம்களில். முகாம் என்றால் ஒன்றல்ல, பிரிவு பிரிவாக முட்கம்பி. பஸ்ஸில் கிடைத்த இடத்தில் ஏறி வந்த சனம், ஏறின பஸ் எங்கே இறக்கியதோ அங்கேயே இருந்தது. தாய் ஒரு பிரிவில், மகள் இன்னொரு பிரிவில். வெளியே இருக்கும் சொந்தக்காரர் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஆள் எந்தப் பிரிவில் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் துண்டைக் காட்டினால்தான் வாசலில் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள். துண்டு இல்லாதவர்கள் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஒவ்வொரு பிரிவிலும் பதிவு செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆளுக்கொரு புரோகிராம். அதெல்லாம் கிழமைக்கு ஒருதரம் சீடியில் எங்களுக்கு வரும். நான் வரும்வரை எங்கள் அலுவலகத்து ஸஹீலாக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, அதே பெயரைத் திரும்பத் திரும்ப அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். வரிசை வீதிவரை நிற்கும். நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பெயரை ஒருதரம் கொடுத்தால் போதும். வெளியே இருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் அது தானே கூப்பிட்டு வேலை வாங்கி, அவை சொல்வதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, கடைசியில் ஒரே வரி எழுதும். இன்ன பிரிவு, இன்ன கூடாரம் என்று வரும். இல்லையென்றால் ‘எந்த முகாமிலும் பதிவில்லை’ என்று வரும்.

“அல்லாவே, என்ர விரல் தப்பிச்சுது. நீ நல்லா இருப்பாய் தம்பி” என்றார் ஸஹீலாக்கா முதல்நாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தேன்.

அவர் தண்ணீரூற்று ஆள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது சின்னப் பிள்ளையாக நடந்து வந்தவர். வருகிறவர்களுக்குப் பதிலை வாசித்துச் சொல்லி, எந்தப் பதிலானாலும் துண்டில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ‘பதிவில்லை’ என்பதை அவர் ஒருநாளும் கதிரையில் இருந்துகொண்டு சொன்னதில்லை. எழும்பி நின்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பார்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் தொழில் விஷயம், ஆனால் விளங்கும். ஒரு புரோகிராமுக்கு இரண்டு வாய். ஒன்று பதில் சொல்கிற வாய், மற்றது முறைப்பாடு சொல்கிற வாய். பதிவைத் திறக்க முடியவில்லை, இடத்தைக் காணவில்லை என்பதெல்லாம் இரண்டாவது வாயால்தான் வரும். வேலை முடிந்து திரும்பும்போது ஒரு எண்ணையும் கையில் தரும். பூச்சியம் என்றால் எல்லாம் சரி, வேறு எண் என்றால் ஏதோ பிழை. பக்கத்து வீட்டில் ஆள் நிற்கிறதா என்று பார்த்துவர ஒருவரை அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிறார். வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கலாம். படலை பூட்டியிருந்து அவர் உள்ளே போகாமலே வந்திருக்கவும் கூடும். என் ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்தது. ஒன்றும் சொல்லாமல் வந்தால், ஆள் இல்லை.

முதலில் முறைப்பாடாவது திரையில் தெரிந்தது. எங்கள் பொறுப்பாளர் மயில்வாகனம் சேருக்கு அது பிடிக்கவில்லை. தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், எதுவும் துப்புரவாக இருக்க வேண்டும்.

“தம்பி, வெள்ளைக்காரர் வந்து நிக்கேக்க உந்தச் சனியன் என்னத்துக்கு இங்கிலீசிலை புறுபுறுக்குது? ஓட்டை ஒடிசல் சாமான் எண்டெல்லே நினைப்பினம்.”

அந்த நேரத்து முறைப்பாடுகள் ஒன்றுக்கும் உதவாதவைதான். எனக்கும் என் வேலை வடிவாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. வரியின் கடைசியில் நாலைந்து எழுத்துச் சேர்த்தேன், இரண்டாவது வாய் அடைபட்டது. மடம், அது பிழை என்று எனக்கு அப்போதே தெரியும். படிப்பித்தவர்கள் செய்யாதே என்று சொன்ன முதல் விஷயம் அது. ஆனால் சேர் முதுகில் தட்டினார்.

இனிச் சிவலட்சுமி மாமி. எங்கள் பக்கத்து வீடு நடராசா மாமாவுடையது. அவருடைய தமக்கைதான் மாமி. பளையில் இருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கடற்கரைவரை போனவர். வெளியே வரும்போது காலில் காயம். காயக்காரரின் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, மகளை அடுத்த பஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் பெயர் கௌசலா, பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. அறுபது தாண்டியவர்களைச் சொந்தக்காரரிடம் விடத் தொடங்கியபோது மாமியைத் தம்பியார் கூட்டிவந்தார். வந்த மறுநாளே காலை இழுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்து பெயரைக் கொடுத்தார். ஸஹீலாக்கா எழும்பி நின்றார்.

பின்னேரம் மாமி வேலிக்கரையில் வந்து நின்றார்.

“தம்பி, உங்கட மிசின் எல்லா இடமும் பாத்துதோ?”

“ஓம் மாமி. ஒரு இடமும் விடேல்லை.”

“அடுத்த பஸ்ஸிலைதான் ஏறினவள். படியிலை கால் வைச்சதை என்ர கண்ணாலை கண்டனான்.”

“பதிவில்லை மாமி. நான் என்ன செய்ய?”

அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் ஸஹீலாக்கா துண்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். “தம்பி, ஆத்தங்கரைப் பிரிவிலை கன நாளா ஒருத்தரும் அம்பிடேல்லை, கவனிச்சனியோ? அங்கை இருக்கிறதுகள் மனிசரில்லையோ?”

அவர் மத்தியானம் லுஹர் தொழப் போகும்வரை காத்திருந்தேன். போனதும் ஆற்றங்கரைப் பிரிவின் புரோகிராமை ஸ்கிரிப்ட் இல்லாமல், கையால் ஓட்டினேன். அடைத்து வைத்த வாய் திறந்தது. அவர்கள் புதுச் சீடி அனுப்பியபோது பதிவுகள் இருக்கும் இடத்தின் பெயரை மாற்றியிருந்தார்கள். பழைய பெயரில் போய்த் தட்டினால் திறக்காதுதானே. ஒவ்வொரு தேடலிலும் அந்தப் புரோகிராம் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, திரும்பும்போது பிழை எண்ணையும் கையில் தந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

திருத்துவது ஒரு தேநீர் ஆறுகிற நேரத்து வேலை. திருத்திவிட்டு முதலில் அடித்த பெயர் கௌசலா. வந்தது. ஊர் பளை, தாய் சிவலட்சுமி, ஆற்றங்கரைப் பிரிவு, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் உள்ள கூடாரம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது மடம். அதை நீங்கள் நம்ப வேண்டும். துண்டு எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் மற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். சீடி மாறிய நாளிலிருந்து ஸஹீலாக்கா எழும்பி நின்று சொன்ன அத்தனை பேரும். எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. மாமிக்கு ஒரு துண்டு எழுதினால் அவர்கள் எல்லோருக்கும் எழுத வேண்டும், எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். முகாம் அதிகாரிகளுக்கு எங்கள்மேல் முதலே பெரிய விருப்பம் இல்லை. பிழை என்று தெரிந்தால் அலுவலகத்தையே மூடிவிடுவார்கள், நாளைக்கு வரப்போகிற சனத்துக்கு ஒரு பதிலும் இல்லாமல் போய்விடும். ஒரு சிலருக்காகப் பலரைக் கைவிடலாமா? இப்படித்தான் யோசித்தேன். ஒரு பிழையும் இல்லாத சேவை என்று சேர் கொழும்புக்கு அறிக்கை அனுப்பியிருந்ததும், அடுத்த மாதம் வருகிற பெரியவர்களுக்கு முன்னால் ஸ்கிரிப்டைப் பற்றி நான் கதைக்க இருந்ததும் இதில் சேராது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவே சத்தமில்லாமல் திருத்தியதோடு விட்டேன். இனி வருகிறவர்களுக்குச் சரியான பதில் போகும். பழைய ஆட்கள் திரும்ப வந்து கேட்டால் அவர்களுக்கும் போகும். இது நியாயமான ஏற்பாடு என்று அன்று பின்னேரம் நிம்மதியாகச் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஓட்டை தெரிந்தது. பழைய ஆள் ஒருவர் திரும்ப வந்து, இந்த முறை ‘இருக்கிறார்’ என்று பதில் வந்தால் என்ன செய்வார்? முதலில் அழுவார், அணைப்பார். பிறகு, போன முறை ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்பார். பழைய துண்டு கையில் இருக்கும்.

மறுநாள் ஸ்கிரிப்டில் இன்னும் நாலு வரி சேர்த்தேன். கேட்ட பெயர் முன்பு கேட்கப்பட்டதா என்று முதலில் பார்க்கும். கேட்கப்பட்டிருந்தால் வெளியே போய் ஒரு புரோகிராமையும் கூப்பிடாது. முன்பு சொன்ன பதிலையே எடுத்துச் சொல்லும். தொழிலில் இது சாதாரண விஷயம் மடம், நேரம் மிச்சம் பிடிக்க எல்லோரும் செய்வது. நான் சேருக்கு அப்படித்தான் சொன்னேன். “கெட்டிக்காரன்” என்றார்.

உங்கள் பேனா நின்றுவிட்டது. விளங்கியிருக்கும். ஓம், அதன் பிறகு நடந்ததைத் தெரியாமல் விட்ட பிழை என்று சொல்ல முடியாது.

சில கிழமை கழித்து மாமி திரும்ப வந்தார். தண்ணீர் வரிசையில் கௌசலாவைப் போல ஒரு பிள்ளையைக் கண்டதாக, முகாமிலிருந்து விடுபட்ட யாரோ ஒரு கிழவர் சொல்லியிருக்கிறார். மாமி தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். அப்படியே முகாமுக்குப் போகலாம் என்ற நினைப்பு. கையில் ஒரு பையில் பிள்ளைக்கு மாற்றுச் சட்டை.

ஸஹீலாக்கா பெயரை அடித்தார். பதில் உடனே வந்தது. வெளியே போகாத ஸ்கிரிப்டுக்கு நேரம் எடுக்காதே.

“என்னடா இது, இவ்வளவு கெதியா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“புதுசாத் திருத்தினனான் அக்கா. இப்ப கெதி.”

அவர் எழும்பி நின்றார். மாமி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“தம்பி, நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. கிழவன் பொய் சொல்லுவானே?”

“கண் தெரியாத ஆளா இருக்கும் மாமி. ஒரே மாதிரிப் பிள்ளையள் எத்தினை. மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ.”

இதைச் சொல்லும்போது ஆற்றங்கரைப் பிரிவும் தண்ணீர்த் தாங்கியும் எனக்கு அப்படியே கண்ணுக்குள் நின்றன. அவர் தண்ணீர் குடித்து, கிளாஸைச் சேலைத் தலைப்பால் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அப்படிப் புகுந்தவர் யாரும் இல்லைத்தானே. அடுத்த பெயரைக் கேட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முகாமுக்குள் இருப்பவர்களும் வெளியே உள்ளவர்களைத் தேடிப் பெயர் தருவார்கள். அவற்றை ஏற்றுவது நான் ஒருவன்தான். கௌசலா தாயைத் தேடியிருந்தாள். ‘சிவலட்சுமி, பளை, காலில் காயம்.’ மாமியை வெளியே விட்டபோதே அவர் பெயரை முகாம் பதிவில் வெட்டிவிட்டார்கள். ஆகவே ஸ்கிரிப்ட் ‘பதிவில்லை’ என்றது. அது சரியான பதில். மாமி அந்த நேரம் என் வீட்டுக் குசினியில் அம்மாவோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்திருப்பார். பதிலை உள்ளே அனுப்பினேன். அவள் திரும்பவும் கேட்டாள். அதற்கும் பதில் உடனேயே போனது.

மாமி வீட்டில் கௌசலாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய நாள் பார்த்தார்கள். உடல் இல்லாதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருச் செய்து எரித்து, பிறகு கிரியை செய்வது எங்கள் ஆட்களின் முறை. உங்களுக்கும் தெரிந்திருக்கும், இந்த வருஷம் வவுனியாவில் நிறைய நடந்தது. அரசாங்கமோ நிறுவனமோ செத்துவிட்டார் என்று எழுதித் தருவதில்லை. எங்கள் துண்டைத்தான் சனம் நம்பியது. இரண்டு தரம் இல்லை என்று வந்தால் ஐயரைக் கூப்பிடுவார்கள்.

அந்த வீட்டுக்குப் பந்தல் கட்டியவர்களில் நானும் ஒருவன். சனசமூக நிலையத்திலிருந்து கதிரைகளை நான்தான் ஏற்றி வந்தேன். நடராசா மாமாவின் மூத்த மகன் கிரியை செய்தார். புல் எரிந்தபோது மாமி தன் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாடு. எனக்கு மாமியே பரிமாறினார்.

“வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி. அவளுக்காக நீங்கள்தான் கனக்கப் பாடுபட்டனீங்கள்.”

சாப்பிட்டேன். பாயாசமும் குடித்தேன். இலையை மடித்துவிட்டு எழும்பினேன். சொல்லிவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் சபையில், இவ்வளவு சனத்துக்கு முன்னால், கிரியை முடிந்த வீட்டில் எப்படிச் சொல்வது? நேரம் காலம் என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள், கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்தேன்.

அந்த நாளில் கௌசலா உயிரோடு இருந்தாள். கண் மஞ்சளாகும் செங்கண்மாரி நோய் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆற்றங்கரைப் பிரிவில் நிறையப் பேருக்கு வந்து நிறையப் பேருக்கு மாறிச் சுகமானது. இவளுக்கு மாறவில்லை.

எங்கள் அலுவலக ஆட்களை உள்ளே விடத் தொடங்கியதும் முதலில் ஆற்றங்கரைப் பிரிவுக்குப் போனவர் ஸஹீலாக்காதான். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருந்த பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பளைப் பிள்ளை ஒன்று, கௌசலா என்று பெயர், போன கிழமை செத்துப்போனது, சொந்தம் என்று ஒருத்தரும் வரவில்லை, ஒலிபெருக்கி கத்தும்போதெல்லாம் எழும்பி எழும்பிப் பார்த்தது, காய்ச்சலோடும் பார்த்தது என்று சொன்னார்களாம்.

அவர் திரும்பி வந்தார். தன் கதிரையில் இருந்து, ஸ்கிரிப்டைத் தொடாமல், அந்தப் பிரிவின் புரோகிராமை நேரே ஓட்டினார். ஒருவேளை ஸ்கிரிப்ட் பழுதானால் இப்படிச் செய்யுங்கள் என்று நான்தான் முன்பு காட்டிக் கொடுத்திருந்தேன். பெயர் வந்தது. பிறகு ஸ்கிரிப்ட் வழியாக அதே பெயரை அடித்தார். கண் இமைக்க முன்னம் ‘பதிவில்லை’ வந்தது. நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிசின் ஏதோ பிழை விட்டிட்டுது போலை அக்கா” என்றேன்.

“நீ எனக்கு எத்தினை தாய்மாரை எழும்பி நிண்டு கொல்ல வைச்சனி?” என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. உங்களுக்குக் கடிதம் எழுதியது அவர்தான் என்று தெரியும். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவரை வேலையிலிருந்து எடுக்காதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் மடம். வாயை அடைத்தது நான். தெரிந்த பிறகு பழைய பதிலைப் பூட்டி வைத்ததும் நான். அலுவலகத்தைக் காப்பாற்ற, வரப்போகிற சனத்துக்காக என்று சொன்னதெல்லாம் பிறகு சேர்த்தது. ஒரு மனிதன் என் மேசைக்கு முன்னால் நின்று, நீ பிழை விட்டாய் என்று சொல்வதை என்னால் தாங்க முடிந்திருக்காது. வெட்கம் கெட்டவன் இதைச் செய்திருக்க மாட்டான். எனக்கு வெட்கம் கூடிப்போனது.

ஸஹீலாக்கா அடுத்தநாள் பூவரசங்குளத்துக்கு வந்து, பிள்ளை ஆற்றங்கரைப் பிரிவில் இருந்து செத்ததை மாமியிடம் சொல்லிவிட்டார். நடராசா மாமா ஐயரிடம் ஓடியிருக்கிறார். அந்தியேட்டி முடிந்த ஆளுக்கு இன்னொருதரம் செய்ய ஏலாது என்று ஐயர் சொல்லிவிட்டார். ஆகவே பிள்ளை உண்மையாகச் செத்ததற்கு ஒன்றும் நடக்கவில்லை.

அன்று பின்னேரம் மாமி எங்கள் முற்றத்துக்கு வந்தார். வேலிக்கரையில் நிற்கவில்லை, உள்ளே வந்தார். அம்மா கதிரை போட்டார், மாமி அதில் இருக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் நின்றேன். கோழிகள் காலுக்குள் ஓடித் திரிந்தன. ஏசுவார் என்று நினைத்தேன், மண்ணள்ளித் தூற்றுவார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. நின்றுவிட்டு, காலை இழுத்து இழுத்துத் திரும்பிப் போனார்.

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை மடம். அன்றைக்கு அவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.